நிர்மலாதேவி சொல்லாத சேதி

1.

எங்கள் மாதா கோயில் பங்கு மலரின் தவக்கால இதழுக்கு, பாவம் எங்கே தொடங்குகிறது என்று இரண்டு பக்கத்தில் ஒரு கட்டுரை கேட்டார்கள். எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டேன். ‘சோதனை என்பது மனித மனம்’ என்று தொடங்கிய வாக்கியம் மூன்று நாள் முடியாமல் கிடந்தது. நான்காம் நாள் அந்த வாக்கியத்துக்குள் ஒருத்தி வந்து உட்கார்ந்துகொண்டாள். கட்டுரை அத்தோடு போனது. மலரின் ஆசிரியருக்கு இன்னும் நான் சொல்லவில்லை.

அவள் பெயர் நிர்மலாதேவி. வயது அறுபத்தொன்று. பட்டு வளர்ச்சித் துறையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். நல்லம்பள்ளியில் சொந்த வீடு. கணவர் இறந்து ஆறு வருடமாகிறது, பிள்ளைகள் இல்லை. பேச்சுக்குரல் கேட்க வேண்டும் என்பதற்காகவே டிவியைப் போட்டுவிட்டு அடுப்படியில் வேலை செய்கிறவள். ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகும், செருப்பைத் தேடுவதுபோல் கொஞ்ச நேரம் நிற்பாள்.

எட்டு மாதம் முன்பு முன்னறைக்கு வெண்மதி குடிவந்தாள். பக்கத்துத் தனியார் பள்ளியில் டீச்சர். கருக்கலைந்து படுத்திருந்தபோது மாமியார் சொன்ன ஒரு சொல்லுக்குக் கணவன் குரு வாயே திறக்கவில்லை. அந்த மௌனத்தைப் பொறுக்க முடியாமல் ஓசூரை விட்டு வந்தவள். அவன் நம்பரை பிளாக் செய்திருந்தாள்.

2.

குரு வந்தது ஒரு வியாழக்கிழமை, மதியம் இரண்டு மணிக்கு. வாசற்படியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். நிர்மலாதேவி தண்ணீர் கொடுத்தாள்.

“ஸ்கூலுக்குப் போயி நின்னா அவளுக்கு அசிங்கங்கம்மா. அதான் வூட்டுக்கு வந்தேன்.”

“நாலே முக்காலுக்கு வந்துரும். இருங்க.”

“வேணாங்க. என்னப் பாத்ததும் மூஞ்சத் திருப்பிக்கிட்டா எனக்குத் தாங்காது. தருமபுரி ஸ்டேஷன்ல ஆறரை ரயில் வரைக்கும் இருக்கேன். அன்னிக்கு நான் பேசியிருக்கணும், பேசல, தப்புதான்னு சொல்லுங்க. அவ வந்தான்னா தனி வூடு பாத்து வச்சிருக்கேன். வரலீன்னா இனிமே தொந்தரவு பண்ண மாட்டேன். சொல்லிருவீங்களா?”

“சொல்றேன்” என்றாள் நிர்மலாதேவி. சொல்லத்தான் இருந்தாள்.

3.

(இந்த இடத்தில் நான் செய்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முதலில் எழுதியதில் குரு குடித்துவிட்டு வந்தான். கேட்டை எட்டி உதைத்தான். நிர்மலாதேவி அவனை விரட்டிவிட்டு, ஒரு பெண்ணைக் காப்பாற்றினாள். எழுதி முடித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. எனக்கு எதற்கு நிம்மதி என்று யோசித்தேன். அவள் செய்யப்போவதற்கு முன்கூட்டியே ஒரு நியாயம் தேடிக் கொடுத்திருக்கிறேன். நம்முடைய தப்புகளுக்கு நாம் செய்வதும் அதுதானே? எதிராளியைக் கொஞ்சம் கெட்டவனாக்கிக்கொள்வது. அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். குரு குடிக்காதவன். அழுக்கில்லாத சட்டை போட்டிருந்தான். தண்ணீர் குடித்த சொம்பைக் கழுவி வைத்துவிட்டுப் போனான்.)

4.

வெண்மதி வந்தாள். பையை இறக்கி வைத்தாள்.

“அம்மா, மழ வர்ற மாதிரி இருக்கு. பஜ்ஜி போடலாமா?”

“போடலாமே” என்றாள் நிர்மலாதேவி. டீ குடித்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள்.

டீ குடித்தார்கள். வெண்மதி வெங்காயம் நறுக்கினாள். ஒரு பையன் பரீட்சைத் தாளில் ஒட்டகத்துக்கு மூன்று திமில் எழுதியதைச் சொல்லிச் சிரித்தாள். அவள் சிரிப்பு அடுப்படி முழுக்க நிறைந்தது. இவள் போய்விட்டால், என்று நிர்மலாதேவி ஆரம்பித்த நினைப்பை முடிக்கவில்லை. ஐந்தரை. சாப்பிட்டு முடிக்கட்டும். ஐந்தே முக்கால். இப்போது கிளம்பினால்கூடப் பஸ் பிடித்துவிடலாம். ஆறு. இனி ஆட்டோவில்தான் போக முடியும். எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது.

ஆறரைக்கு நிர்மலாதேவி அடுப்பை அணைத்தாள்.

பொய் என்று ஒரு வார்த்தைகூட அவள் சொல்லவில்லை.

5.

கட்டுரைக்காக எடுத்த குறிப்புகளில் யூத ஆசான்களின் கருத்து ஒன்று இருந்தது. தீய நாட்டம் முதலில் வழிப்போக்கனாக வருகிறதாம். அப்புறம் விருந்தாளி. கடைசியில் அதுவே வீட்டுக்காரன். இன்னொன்றும் சொல்கிறார்கள்: அந்த நாட்டம் இல்லாவிட்டால் ஒருவனும் வீடு கட்டமாட்டான், கல்யாணம் செய்யமாட்டான். நிர்மலாதேவியிடம் இருந்தது என்ன? பக்கத்தில் ஒரு உயிர் வேண்டும் என்ற ஆசை. அதைப் பாவம் என்று எந்த மதமும் சொல்லாது. ஆனால் அந்த ஆசைதான் அன்று மாலை

(இந்த வாக்கியத்தை முடித்தால் பிரசங்கமாகிவிடும். விடுகிறேன்.)

6.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டு பேர் இருந்தும் நிர்மலாதேவிக்குத் துணை இல்லை. வெண்மதி தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டால் உடம்பு கூசியது. “என்னம்மா, மூஞ்சியே சரியில்ல?” என்று கேட்டால் கோபம் வந்தது. யாரைப் பிடித்து வைத்துக்கொண்டாளோ அவளிடமே பேச முடியவில்லை. ஒற்றையாக இருந்த ஆறு வருடத்தில்கூட இப்படி இருந்ததில்லை.

மூன்றாம் சனிக்கிழமை, சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யக் கோயிலுக்குப் போனாள்.

“எங்க வூட்டுல குடியிருக்கிற பொண்ணுக்குச் சேர வேண்டிய சேதிய ஒரு சாயங்காலம் பூரா சொல்லாம விட்டுட்டேன் சாமி.”

“மறந்துட்டீங்களா?”

“இல்லீங்க. ஞாபகமாத்தான் விட்டேன்.”

“கடவுள் மன்னிப்பாரும்மா. அதுல சந்தேகம் வேணாம். ஆனா அந்தப் பொண்ணோட சாயங்காலத்த என்னால திருப்பித் தர முடியாது. அவங்ககிட்ட போயி சொல்லுங்க.”

(யூத ஆசான்களும் இதையேதான் சொல்கிறார்கள். சக மனிதருக்குச் செய்த தப்பை, அவரிடம் போய்க் கேட்காதவரை வானமும் தீர்த்துவைக்காது. இரண்டு மதமும் அவளை ஒரே வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டன.)

7.

ஞாயிறு மதியம் சொல்லிவிட்டாள். குரு வந்தது, ஆறரை ரயில், தனி வீடு, பேசாமலிருந்தது தப்பு என்று அவன் சொன்னது, எல்லாவற்றையும். கடைசியில், “நீ போயிருவேன்னு பயந்துட்டேன்” என்றாள்.

வெண்மதி திருத்திக்கொண்டிருந்த நோட்டை மூடினாள்.

“அன்னிக்கு நாம பஜ்ஜி போட்டமே, அன்னிக்கா?”

“ஆமா.”

“நான் சிரிச்சிட்டிருந்தன்ல?”

வெண்மதி எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். தாழ் போடும் சத்தம் கேட்கவில்லை.

8.

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் வெண்மதி வெளியே வந்து அவள் மடியில் படுத்து அழுதாள். ஒன்றில் பெட்டியோடு போனாள். இன்னொன்றில் ஓசூரில் குரு...

மூன்றையும் அடித்துவிட்டேன். காரணம் எளியது. மன்னிப்பு வெண்மதியின் உடைமை. சாமியாரே கொடுக்க முடியாததை நான் எப்படி எழுதிக் கொடுப்பது? மடியில் படுத்து அழுத முடிவு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதனாலேயே அதை முதலில் அடித்தேன்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நிர்மலாதேவி கதவைத் தட்டவில்லை. டிவியைப் போடவில்லை. ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே வெண்மதி கையில் போன் இருந்தது.

இதற்குமேல் வெண்மதி யாரிடம் முதலில் பேசுகிறாள் என்பதை, தப்பு செய்தவர்கள் பக்கமே இவ்வளவு நேரம் நின்றுவிட்ட நான் சொல்லக் கூடாது. உங்களுக்கும் யாரோ ஒருவர், ஏதோ ஒரு சாயங்காலம், ஒரு சேதியைச் சொல்லாமல் விட்டிருப்பார். அந்த அறைக்குள் நீங்கள் போங்கள். நான் ஹாலில் இருக்கிறேன்.