தொண்ணூத்தேழு புள்ளி நாலு

கோவப்படாம சொல்லுன்னா அது என்னால ஆகாதுங்க. ரெண்டாவது அலை ஓஞ்சுதுன்னு கடற்கரையைத் திறந்துவிட்ட சமயம் அது. எங்க பொறந்த வீட்டுத் தெருவை மறிச்சுத் தகரம் அடிச்சுட்டாங்க. உள்ள என் தங்கச்சி இசைவாணி, ஏழு மாச வயித்தோட கொரோனா காய்ச்சல்ல கெடக்கா. அரைக் கல் தூரத்துல, அவ படுக்கைத் துணி மாத்துற வேலை பார்த்த விடுதியில, ஜனங்க ஊஞ்சலாடிக்கிட்டு எறா வறுவல் தின்னுக்கிட்டு இருக்காங்க. எரியுமா எரியாதா?

என் பேரு அம்சம். பக்கத்து ஊர்ல வாக்கப்பட்டதால தகரத்துக்கு வெளியில நின்னேன். அந்த விடுதி வாசல்லதான் எனக்கும் வேலை. தஞ்சாவூர்ல பெரிய கோயிலைப் பார்த்துட்டுக் கடல் பார்க்க வர்ற கார் ஒவ்வொண்ணையும் நிறுத்தி, நெத்தியில மிஷினைக் காட்டி, சூட்டை நோட்டுல எழுதணும். நூறைத் தாண்டினா உள்ள விடக்கூடாது, சுகாதார ஆபீசுக்குப் போன் பண்ணணும். அதான் சட்டம்.

சட்டமெல்லாம் மொத ரெண்டு நாள்தான். மூணாம் நாள் ஒரு குடும்பத்தைத் திருப்பி அனுப்பினேன். மேனேஜர் புகழேந்தி ஓடி வந்தாரு. "ஏம்மா, வெயில்ல நின்னா நெத்தி சுடத்தான் செய்யும். எல்லாருக்கும் தொண்ணூத்தேழு புள்ளி நாலுன்னு எழுதிடுங்க. உங்களை வேலைக்கு வெச்சது ஆளைத் துரத்தவா?" நானும் மண்டையை ஆட்டினேன். வெக்கங்கெட்ட மண்டை.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை அந்த ஆளு வந்தாரு. வெள்ளைக் காரு, கூட பொஞ்சாதி. மிஷின் நூத்தி ஒண்ணு புள்ளி ஆறு காட்டுச்சு. கார்லயே இருமினாரு. நான் புகழேந்தியைப் பார்த்தேன், அவரு பேனாவைப் பார்த்தாரு. எழுதிட்டேன். பதினாலாம் நம்பர் ரூம். மறுநாள் காலையில இசைவாணி அந்த ரூம் போர்வையெல்லாம் அள்ளிக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு என்னைக் கடந்து போனா. கையை ஆட்டிச் சிரிச்சா. மாஸ்க் போட்டிருக்காளே, ஒண்ணும் ஆகாதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

ஆறாம் நாள் அவளுக்குக் காய்ச்சல். டெஸ்ட்ல பாசிட்டிவ். அன்னிக்கே தகரம்.

மறுநாள் காலையில சுகாதார ஆய்வாளர் ஜெக்கரியா சார் தெருவுக்கு வந்தாரு. கூடவே புகழேந்தி. ஆய்வாளர் கையில என் நோட்டு. தெரு மொத்தமும் தகரத்துக்கு அந்தப்பக்கம் கூடி நின்னுச்சு.

"மூணு வார நோட்டையும் பார்த்துட்டேன். விடுதிக்கு வந்தவங்க ஒருத்தருக்கும் காய்ச்சல் இல்ல. இந்தத் தெருவுலேருந்துதான் நோய் கிளம்பியிருக்கு"ன்னாரு ஆய்வாளர்.

"நாங்களே பயந்துபோய் இந்தத் தெரு ஆளுங்களை வேலையை விட்டு நிறுத்திட்டோம் சார்"னு புகழேந்தி இழுத்தாரு.

அடப்பாவி! என் கையெழுத்தை வெச்சே என் தங்கச்சி தலையில பழியைப் போடுறானே! பதினாலாம் நம்பர் ரூமைக் கூட்டிப் பெருக்கின வெளியூர்ப் பொண்ணுங்க நாலு பேரு டெஸ்ட்டும் இல்லாம இன்னும் அங்கதான் தங்கி வேலை பார்க்குதுங்க. இன்னிக்கும் நாலு ரூமுக்கு ஆள் வருது. இப்ப நான் வாயை மூடினா இதுதான் உண்மைன்னு ஆயிடும்.

"அந்த நோட்டு பொய் சார்"னேன். "நான்தான் எழுதினேன். பதினாலாம் நம்பர் ஆளுக்கு நூத்தி ஒண்ணு புள்ளி ஆறு. இவரு நிக்கும்போதே மாத்தி எழுதினேன்."

"அம்சம், யோசிச்சுப் பேசுங்க. வேலை போயிடும்"னாரு புகழேந்தி.

"போவட்டுமே! பிரிச்சுப் பாருங்க சார். கெழவனுக்கும் தொண்ணூத்தேழு புள்ளி நாலு, கைக்கொழந்தைக்கும் தொண்ணூத்தேழு புள்ளி நாலு. மொத ரெண்டு நாள் போக, மூணு வாரமா மனுசங்க எல்லாருக்கும் ஒரே சூடு. எந்த ஊர்ல சார் அப்படி இருக்கும்?"

ஆய்வாளருக்கு முகம் சுருங்கிப்போச்சு. "இதை முன்னாடியே ஏன் சொல்லலை?"

"ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில பச்சை மையில இருக்கறது யாரு கையெழுத்து சார்? திங்கக்கிழமை திங்கக்கிழமை எளநி குடிச்சுக்கிட்டே வாரம் பூராவுக்கும் சேர்த்துப் போடுவீங்களே. ஒரு நாளாவது படிச்சீங்களா?"

தகரத்துக்கு அந்தப்பக்கம் தெருவே கத்த ஆரம்பிச்சுடுச்சு. நாலு பேரு போனைத் தூக்கிப் படம் பிடிச்சாங்க. ஆய்வாளர் தள்ளிப்போய் யார்கிட்டயோ பேசினாரு. திரும்பி வந்து, விடுதியை மூடச் சொல்லியாச்சு, அந்த நாலு பொண்ணுங்களுக்கும் இன்னிக்கே டெஸ்ட், இசைவாணியைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக நூத்தியெட்டு வருதுன்னாரு. புகழேந்தி நோட்டைக் கேட்டாரு. ஆய்வாளர் குடுக்கலை, என் கையிலயும் குடுக்கலை. பையில வெச்சுக்கிட்டாரு. அந்தப் பச்சைக் கையெழுத்து இனிமே வெளிச்சத்துக்கு வராதுன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு.

ஆம்புலன்ஸ் வந்ததும் தகரத்துல ஒரு ஆள் போற அளவுக்கு விலக்கினாங்க. இசைவாணி வயித்தைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா வந்தா. எல்லாத்தையும் கேட்டிருக்கா. ஆறடி தள்ளி நின்னு என்னைப் பார்த்தா.

"அன்னிக்கு நான் போர்வையோட போனப்ப, உனக்குத் தெரியுமாக்கா?"

புகழேந்தியைத் திட்ட வாய் இருந்துச்சு, ஆய்வாளரைக் கேக்க வாய் இருந்துச்சு. இதுக்குப் பொய் சொல்ல வாய் வரலை.

"தெரியும்டி"ன்னேன்.

வண்டியில ஏறி, அவளே கதவை இழுத்துச் சாத்திக்கிட்டா.