இரண்டாவது நாற்காலி

விடிகாலை ஐந்து மணிக்கே அடையாறு விமானக் கட்டுப்பாட்டுப் பயிற்சிக்கூடத்தில் திரைச்சீலைகளை இழுத்து மூடிவிடுவார்கள். வெயில் ஏறினால் ராடார் மிஷின் சூடாகிப் படுத்துக்கொள்ளும். மிஷினுக்கு இருந்த கரிசனம் மனிதர்களுக்கு இல்லை. இரவுப் பணி முடித்த கையோடு தணிகாசலம் அதன் முன்னால் உட்கார்ந்தான். கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தியது. காதில் மாட்டிய கருவி வியர்வையில் நசநசத்தது.

திரையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கோடுகள், வரப்போகும் இரட்டை ஓடுபாதைகளுக்கான இறங்கு வழிகள். கோட்டுக்கொன்றாக இறங்கும் புள்ளிகள்தான் விமானங்கள். அவற்றை அடுத்த அறையில் குமிழ் திருகி நகர்த்தி, விமானியாகக் குரலும் கொடுப்பவள் பட்டினப்பாக்கத்து ஆரோக்கியமேரி. ஒரு புள்ளி வழி தவறி மற்றதன் பக்கம் சாய்ந்தால், கண்ட நொடியே மற்றதை விலகச் சொல்ல வேண்டும். கோட்டுக்கு ஓர் ஆள் என்றுதான் முதலில் பேச்சு. இப்போது ஒரே ஆள் இரண்டையும் பார்க்க முடியுமா என்று சோதனை.

தணிகாசலம் பார்த்துவிட்டான். முப்பது இறக்கங்களில் ஒன்றுகூடத் தப்பவில்லை. எப்படித் தப்பும்? புள்ளியைச் சாய்ப்பதற்கு முன்னால் மேரி அவன் காதுக்குள் லேசாக இருமினாள். கூட வேலை செய்கிறவனுக்குக் கெட்ட பெயர் வரக்கூடாதே என்ற நல்ல மனசு. சோதனைக்கு உட்கார்ந்த நிரந்தர ஊழியர் ஐந்து பேருக்கும் அப்படித்தான் இருமினாள். ஐந்து பேரும் தேறினார்கள்.

மறுவாரம் உத்தரவு வந்தது. ஓர் ஆளே போதுமென்று நிரூபணமாகிவிட்டதால், இரட்டை ஓடுபாதைக்கென்று எடுத்த தற்காலிக ஊழியர் ஐவருக்கும் மாதக் கடைசியோடு வேலை இல்லை. முதல் பெயர் வடிவேலு. இரண்டு வருஷமாகத் தணிகாசலத்தின் பக்கத்து நாற்காலியில் பழகியவன்.

அவன் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. தோளில் தட்டி, "கில்லாடி மச்சி நீ" என்றான். தணிகாசலத்துக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அன்று மாலை வடிவேலு ஏறிய பஸ்ஸில் ஏறாமல் அடுத்ததற்கு நின்றான். சிநேகிதன் வயிற்றில் அடித்துவிட்டு அவன் பக்கத்தில் எப்படி உட்காருவது?

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தான், முடியவில்லை. மேரியையும் கூட்டிக்கொண்டு டீக்கடையில் வடிவேலுவிடம் எல்லாவற்றையும் கொட்டினான். வடிவேலு ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிளாஸைக் கீழே வைத்தான்.

"இத்த என்னாண்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? ஆபீசராண்ட சொல்லு. தனியா போவாதே, அல்லாரையும் இட்டுக்கினு போ."

தேறிய ஐந்து பேரும் மேரியும் போய் நின்று, இருமல் விஷயத்தைச் சொல்லிச் சோதனையை மறுபடி வைக்கக் கேட்டார்கள். அதிகாரி ஸ்ரீனிவாசராகவன் கண்ணாடியைக் கழற்றினார்.

"மறுபடியும் வெச்சா ஃபெயில் ஆவேள். ரெக்கார்டுல ஏறும். தெரியுமோன்னோ?"

"ஏறட்டும் சார். நெசமான பிளேன்ல யாரும் இரும மாட்டாங்க" என்றான் தணிகாசலம்.

"இருமினது நான்தான் சார்" என்றாள் மேரி. "என் பேரையும் எழுதிக்கோங்க."

மறுநாள் விடிகாலையில் இருமல் இல்லாத சோதனை. பன்னிரண்டாவது இறக்கத்தில் தணிகாசலம் இடது கோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கையில் வலது சாய்ந்தது. அவன் வாய் திறப்பதற்குள் இரண்டு புள்ளிகளும் ஒன்றாகிவிட்டன. மணி அடித்தது. அத்தனை பேர் எதிரில் அவமானம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் முகத்தை மூடிக்கொள்ளவில்லை. அடுத்து, ஐவரில் ஒருவனான முருகையன் தானாகவே வந்து உட்கார்ந்தான். அவன் ஒன்பதாவதிலேயே தவறவிட்டான். மற்ற மூவரும் தேறவில்லை.

அதிகாரி குறித்துக்கொண்டார். உத்தரவு உத்தரவுதான், மாற்றுவதானால் மேலிடம்தான் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அப்போது வெளியே நின்றிருந்த வடிவேலு ஓர் இரும்பு நாற்காலியைத் தரையில் கரகரவென்று இழுத்துவந்து போட்டான்.

"உன்னை யாருய்யா கூப்பிட்டா?" என்றார் அதிகாரி.

"இன்னும் மாசக் கடைசி வரல சார்."

முருகையன் எழுந்து தன் காதுக்கருவியை வடிவேலுவிடம் கொடுத்தான். தணிகாசலம் திரும்பத் தன் இடத்துக்கு வந்தான். அவனால் இப்போது வடிவேலுவின் முகத்தைப் பார்க்க முடிந்தது.

"லெஃப்டு உன்னுது, ரைட்டு என்னுது மச்சி."

வாசல்வரை போன அதிகாரி அங்கேயே நின்றுவிட்டார். அடுத்த அறையில் மேரி குமிழைத் திருகினாள். இரண்டு புள்ளிகள் இறங்கத் தொடங்கின.