ஏழாம் டேபிளில் அக்சோரியஸ்

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் ஓசூரில் அந்த வயரிங் கம்பெனிக்கு இங்கிலீஷ் பைத்தியம் பிடித்தது. வெளிநாட்டு ஆர்டர் வந்த ஜோரில் எச்.ஆர். சுஜாதா மேடம் ஒரு சட்டம் போட்டார். காலை மீட்டிங்கில் போர்டில் ஒரு புது வார்த்தை இருக்கும். மேடத்தின் விரல் யாரைக் காட்டுகிறதோ, அவர் அதை வைத்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். மற்றவர்கள் கைதட்டிவிட்டு மிஷினுக்குப் போகலாம். கைதட்டத்தான் சட்டம், காதுகொடுக்க இல்லை.

வார்த்தைகளாவது வாயில் நுழைகிற மாதிரியா இருக்கும்? ஒருநாள் ‘டிஃபெனஸ்ட்ரேஷன்’. ஆளை ஜன்னல் வழியாகத் தூக்கி எறிவதாம். இதற்கென்று மெனக்கெட்டு ஒரு வார்த்தை செய்து வைத்திருக்கிறான் பாருங்கள் வெள்ளைக்காரன்! இன்னொரு நாள் ‘ஸ்கெடாடில்’. தலைதெறிக்க ஓடுவது. சாயங்காலம் சங்கு ஊதினால் மத்திகிரி பஸ்ஸைப் பிடிக்க எல்லோரும் அதைத்தான் செய்தார்கள், பெயர் தெரியாமல்.

அர்த்தம் போர்டின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். அதைப் படிக்கிற ஒரே ஜீவன் ரஞ்சிதா. உசிலம்பட்டிப் பெண். மத்திகிரியில் தோழிகளோடு வாடகைக்கு இருந்துகொண்டு, இரண்டாம் லைன் ஏழாம் டேபிளில் வயர் முனையில் கிளிப்பை அழுத்தும் மிஷினை ஓட்டினாள். கோணல்மாணலான வார்த்தை என்றால் அவளுக்குக் கொள்ளை ஆசை. நாளெல்லாம் அதை முணுமுணுத்துச் சிரித்துக்கொண்டிருப்பாள்.

அந்த வெள்ளிக்கிழமை மட்டும் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பா அழகர்சாமி வருகிறார். ஊரில் ஒரு மாப்பிள்ளையைப் பேசி முடிக்க அவளைக் கூட்டிப் போகிறாராம். அவள் மனசோ குவாலிட்டி இன்ஸ்பெக்டர் மணிவேலிடம் கிடந்தது. சிங்காரப்பேட்டைக்காரன். வருவான், கிளிப்பைப் பார்ப்பான், “ஓகேங்க” என்பான், போவான், மறுபடி வருவான். நல்லா இருக்கிற கிளிப்பை ஒரு மனுஷன் எத்தனை தடவைதான் பார்ப்பான்? ஆசை கண்ணில் வழிந்தது, வாயில் மட்டும் கொழுக்கட்டை.

அன்றைய வார்த்தை ‘அக்சோரியஸ்’. பெண்டாட்டி மேல் அளவுக்கு மீறிப் பிரியம் வைத்தவன் என்று அடியில் எழுதியிருந்தது. படித்ததும் ரஞ்சிதாவுக்கு அழுகையே வந்தது. மேடத்தின் விரல் மணிவேலைக் காட்டியது. எழுந்தான், போர்டின் அடிப்பக்கம் குனிந்து பார்த்தான், நெற்றியைத் துடைத்தான்.

“மேடம், ஐ வில் பி வெரி அக்சோரியஸ். லைன் டூ, டேபிள் செவன்.”

எல்லோரும் படபடவென்று கைதட்டினார்கள். மேடமும் கடிகாரத்தைப் பார்த்தபடியே தட்டினார். ரஞ்சிதா மட்டும் பக்கத்து டேபிள் ராஜாத்தியின் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் வாயில் லைன் நம்பரும் டேபிள் நம்பரும் வந்தால் அங்கே மிஷினில் கோளாறு. அந்தக் கம்பெனியில் அதற்கு வேறு அர்த்தமே கிடையாது. அவள் போய் உட்காருவதற்குள் மெயின்டனன்ஸ் நாராயணப்பன் வந்து, மிஷினில் சிவப்பு அட்டையை மாட்டி, மூடியைக் கழற்றிவிட்டார்.

“ஏம்மா, எங்க இருக்குது அந்த அக்சோரியஸ்ஸு? சவுண்டு வருதா, ஹீட்டு ஆவுதா?”

“ஹீட்டுதாண்ணே” என்றாள் ரஞ்சிதா. சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் துப்பட்டாவில் புதைத்துக்கொண்டாள்.

“பெல்ட்டு மாத்தணுமா?”

“அதெல்லாம் மாத்த முடியாதுண்ணே.”

“ஏண்டி, பைத்தியம் கியித்தியம் புடிச்சிருச்சா?” என்றாள் ராஜாத்தி.

இரண்டாம் லைனே நின்றுபோனது. மேடம் ஓடி வந்தார். மணிவேலை இழுத்து வந்து நிறுத்தினார்கள். கழற்றிப் போட்ட மிஷினைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்துவிட்டது.

“மணிவேல், டேபிள் செவன்ல என்ன கம்ப்ளெய்ன்ட்?”

“கம்ப்ளெய்ன்ட்டு இல்லீங்க மேடம்… அது வந்துங்க…”

மறுபடியும் கொழுக்கட்டை. விட்டால் இதோடு போய்விடும் என்று ரஞ்சிதாவுக்குப் புரிந்துவிட்டது. பயமும் சந்தோஷமும் ஒன்றாகத் தலைக்கேற, ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

“கம்ப்ளெய்ன்ட் எனக்குத்தேன் மேடம்” என்றாள். பிறகு அவன் பக்கம் திரும்பினாள். “ஞாயித்துக்கிழமை எங்கப்பா வாராரு, எனக்கு மாப்ள பேசி முடிக்க. அவருக்கு இங்கிலீசு தெரியாது. காலையில சொன்னீங்களே, அத அவருகிட்ட தமிழ்ல சொல்லுவீகளா, மாட்டீகளா?”

மேடத்துக்கு அப்போதுதான் வார்த்தையின் அர்த்தம் ஞாபகம் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டார். நாராயணப்பன் கையில் ஸ்பேனரோடு அப்படியே நின்றார்.

மணிவேல் ஒரு அடி முன்னால் வந்தான். அழகர்சாமியே எதிரில் நிற்பது போலச் சட்டையைச் சரிசெய்துகொண்டு, கைகூப்பினான்.

“ஐயா, நான் மணிவேலுங்க, சிங்காரப்பேட்டைங்க” என்றான். இந்தத் தடவை குரல் நிற்கவில்லை. “உங்க பொண்ண எனக்குக் குடுத்துருங்க ஐயா. நான் நல்லா வெச்சிக்குவனுங்க.”