ஏழாவது கேள்வி

...அப்போ அவனுக்குத் தெரியும், தெரியாமலா படிவத்தில் இப்படி ஒரு கேள்வியைப் போட்டிருப்பான், வயது கேட்கலாம், பிள்ளை எத்தனை என்று கேட்கலாம், வீட்டில் யாருக்காவது புற்றுநோய் வந்ததுண்டா என்று கேட்கலாம், அதெல்லாம்தான் ஆறு கேள்வியாக வரிசை கட்டி நிற்கிறதே, ஏழாவதாக எதற்கு இது... ‘கட்டியைப் பற்றி முதலில் யாரிடம் சொன்னீர்கள்? அவர் என்ன சொன்னார்?’ எந்த ஊர் ஆஸ்பத்திரியில் கேட்கிறார்கள் இப்படி? பள்ளிக்கூட ஆபீசில் முப்பது வருஷம் படிவங்களோடு குடித்தனம் பண்ணியவள் அவள், எந்தக் கேள்வி தகவலுக்கு, எந்தக் கேள்வி ஆளைப் பிடிக்க என்று தெரியாதா? தங்கை போய் மூன்று வருஷம், அவள் பேரில் தங்கை புருஷன் திறந்த இலவசப் பரிசோதனை நிலையம் இது, ‘அண்ணி, வாரத்துல ரெண்டு நாள் வந்து உக்காருங்களேன், பொம்பளைங்க உங்ககிட்டதான் மனசு விட்டுப் பேசுவாங்க’ என்று அவன் வந்து கூப்பிட்டபோது பாசம் என்று உருகிப் போனாளே, மக்கு. சுவரில் தங்கையின் படம் வேறு, இரண்டு பேரும் சேர்ந்து எடுத்துக்கொண்டது, தங்கை மட்டும் தெரிகிற மாதிரி வெட்டி மாட்டியிருக்கிறார்கள், தோளோரத்தில் அக்காளின் நாலு விரல் மட்டும் மிச்சம். வெட்டியது ஸ்டுடியோக்காரனா, இவன் சொல்லி வெட்டினானா?

எதிரே உட்கார்ந்திருந்த தையல்காரம்மா ஆறாவது கேள்விக்குப் பதில் சொல்லி முடித்துவிட்டு, அடுத்தது என்ன என்பது போல் பார்த்தாள், இவள் ஏழாவதைக் கேட்கவே இல்லை, குனிந்தவாக்கில் ‘யாரிடமும் சொல்லவில்லை’ என்று தானே எழுதிவிட்டு எட்டாவதற்குப் போனாள், வந்த முதல் நாளிலிருந்து இப்படித்தான். அந்த வரியை வாய்விட்டு எப்படிக் கேட்பது? கேட்டால் உடனே ஈரக் கையோடு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அந்தச் சாயங்காலம் வந்து நிற்கும். வீடு மாற்றுகிற அமளி, கூடமெல்லாம் அட்டைப்பெட்டி, தங்கை பின்னால் வந்து நின்று, ‘அக்கா, இங்க கொஞ்சம் தொட்டுப் பாரேன்’ என்று கையைப் பிடித்து வைத்தாள், பட்டாணி அளவுகூட இல்லை, ‘அடச்சீ, கொழுப்புக் கட்டிடி இது, எனக்கு முதுகுல ரெண்டு இருக்கு, போய் அந்தப் பெட்டியக் கட்டு’... பெரிய டாக்டர் மாதிரி! எட்டு மாசம் கழித்துத்தான் ஆஸ்பத்திரி. கடைசி வாரம் கட்டிலருகே புருஷனும் பெண்டாட்டியும் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தவர்கள், இவள் உள்ளே நுழைந்ததும் நிறுத்திக்கொண்டார்களே, என்ன பேசினார்கள், இதைத்தானே? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், இவளுக்குக் குறுகுறுப்பெல்லாம் இல்லை, மூன்று வருஷமாக ஒரே குடைச்சல்.

தையல்காரம்மா பரிசோதனை அறைக்குப் போனதும் அவன் வந்து அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தான், கையில் ஒரு கட்டுப் படிவம், எல்லாம் இவள் கையெழுத்து. வந்துவிட்டான்.

“அண்ணி, ஒரு சந்தேகம். மத்த மேசையில அம்மாகிட்ட சொன்னேன், வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன்னு எழுதியிருக்கு. உங்க மேசைக்கு வந்தவங்க மட்டும் ஒருத்தர் விடாம யார்கிட்டயும் சொல்லலையாமே?”

“அவங்க சொல்றதைத்தானே தம்பி நான் எழுதறேன்...” எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று இத்தனை தாளில் எழுதி, தானே கையெழுத்தும் போட்டு வைத்திருக்கிறாளே, பாவி.

அவன் படிவங்களின் ஓரத்தைத் தட்டிச் சீராக்கினான். “டாக்டர் இந்தக் கேள்வியே வேண்டாம்னார். நான்தான் விடலை. அவ முதல்ல என்கிட்டதான் சொன்னா அண்ணி. கொழுப்புக் கட்டியா இருக்கும், விடுன்னுட்டேன். இன்னொரு வீட்டுல எவனாவது அப்படிச் சொல்லியிருந்தா, அன்னைக்கே அவனையும் கூப்பிட்டு வச்சுப் பேசணும். அதுக்குத்தான் இது.” கட்டை மேசைமேல் வைத்தான். “உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தாக்கூட, காதைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிருப்பீங்க.”

இது தூண்டிலா? முகத்தை உற்றுப் பார்த்தாள், கண் நிஜமாகவே கலங்கியிருந்தது, ஆனால் கொழுப்புக் கட்டி... அதே வார்த்தை எப்படி இவன் வாயில்? இவன் சொன்னதை நம்பாமல், அக்காளாவது மறுத்துச் சொல்ல மாட்டாளா என்று அந்தச் சாயங்காலம் வந்து நின்றாளா அவள்? இல்லை, அக்கா சொன்ன வார்த்தையைக் கொண்டுபோய், தன் சொல்லாகப் புருஷனிடம் சொல்லி, அவனும் ஆமாம் போட்டானா? இவளிடம் அவனைப் பற்றிச் சொல்லவில்லை, அவனிடம் இவளைப் பற்றிச் சொல்லவில்லை, இரண்டு பேரையும் காட்டிக் கொடுக்காமலே போய்ச் சேர்ந்திருக்கிறாள், அடிப் பெண்ணே. எந்த மாசம் தம்பி உன்கிட்ட சொன்னா... கேள்வி நாக்கு நுனி வரைக்கும் வந்தது, கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பான்.

“ஆமா தம்பி,” என்றாள், “இழுத்துட்டுத்தான் போயிருப்பேன்.”

அவன் தலையாட்டினான், கண்ணைத் துடைத்துக்கொண்டான், நம்பிவிட்டான். அவன் தன்னைச் சந்தேகப்படுகிறான் என்று பயந்து செத்த நாளெல்லாம் இதற்கு எவ்வளவோ தேவலை என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது.