ஊசிக்கு அசையாத பூட்டு

படார்! படார்! மூன்றாவது மாடியே அதிர்ந்தது. பூட்டுக்காரர் வாய்க்குக் கொண்டுபோன காபி சட்டைக்குப் போனது.

"ஐயோ, யாராவது வாங்களேன்! அப்பா பாத்ரூம்ல மாட்டிக்கிட்டாரு!"

எதிர் வீட்டுப் பெண்ணின் குரல். பத்தரை மணிக்குத் தேவாலயத்தில் அவளுக்குக் கல்யாணம். கட்டடத்தில் எல்லா வீட்டுக்கும் அழைப்பிதழ் போயிருந்தது, ஒரே ஒரு வீட்டைத் தவிர. அந்த ஒரு வீட்டில் உட்கார்ந்துகொண்டுதான், "எனக்கென்ன கவலை?" என்று பூட்டுக்காரர் நான்கு நாளாகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்.

மாட்டிக்கொண்ட அப்பா, ரொட்டிக்கடைக்காரர். போன வருஷம் கட்டடக் கூட்டத்தில் எழுந்து நின்று, "இவர் பூட்டைக் கொண்டை ஊசியாலயே திறந்துடலாம்" என்று ஒரே போடாகப் போட்டவர். அன்றிலிருந்து தெருப் பிள்ளைகளுக்குப் பூட்டுக்காரர் 'ஊசி மாமா' ஆகிப்போனார். அவரும் விடவில்லை. 'ஊசிக்கு அசையாத பூட்டு' என்று ஆளுயரப் பலகை எழுதிக் கடை வாசலில் மாட்டினார்.

இப்போது அவர் முகத்தில்தான் கல்யாணக்களை. "இருக்கட்டும். நல்லா ஊறட்டும்."

"போன ஞாயித்துக்கிழமை போதகர் என்ன சொன்னாரு?" என்றாள் மனைவி.

"என்னமோ சொன்னாரு."

"நம்மளைப் பகைக்கிறவங்களுக்கும் நல்லது செய்யணும்னாரு. சபையே திரும்பிப் பார்க்கிற மாதிரி 'ஆமென்' போட்டது நீங்கதான்."

"அவர் பொதுவா சொன்னாருடி. இந்த ஆளு பேரைச் சொல்லலையே?"

"உங்க செருப்பு வாசல்லதான் இருக்கு."

எதிர் வீட்டு நடையில் பட்டும் பூவுமாகச் சொந்தக்காரர்கள் நெருக்கியடித்து நின்றார்கள். குளியலறைக் கதவில் இருந்தது, இருவரும் சிநேகமாக இருந்த காலத்தில் அவரே பொருத்திக் கொடுத்த பூட்டு. உள்பக்கத்துக் குமிழ் கழன்று கையோடு வந்துவிட்டதாம்.

"சாவி எங்கம்மா?"

மணப்பெண் தலையைக் குனிந்தாள். "உங்களோட சண்டை போட்ட அன்னிக்கே அப்பா குப்பையில வீசிட்டாரு மாமா."

"வெளிய யாரது?" என்றது கதவு.

"நான்தான்."

உள்ளேயிருந்து, "வேற யாரும் கிடைக்கலையா?"

கதவை உடைத்தால் உள்ளே இருப்பவர் மேல்தான் விழும். ஒதுங்க ஓரடி இடம் கிடையாது. துளை போட்டு எடுக்க ஒரு மணி நேரம் ஆகும். மூன்றாவதாக ஒரு வழி இருந்தது. அதை நினைத்ததுமே பூட்டுக்காரருக்கு வியர்த்துவிட்டது.

பலகை மாட்டிய மறுநாள், கடைக்கதவைச் சாத்திக்கொண்டு, 'எங்கே திறக்கட்டும் பார்க்கலாம்' என்று ஆத்திரத்தோடு இந்த ரகப் பூட்டில் அவரே ஒரு கொண்டை ஊசியை விட்டுப் பார்த்தார். அரை நிமிஷத்தில் திறந்துகொண்டது. அந்த ரகத்தை விற்பதை அன்றோடு நிறுத்திவிட்டார். பலகையைக் கழற்றத்தான் மனம் வரவில்லை. மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை.

"எல்லாரும் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க."

ஒருவரும் திரும்பவில்லை. பின்னால் நின்றவர்களும் முன்னால் வந்தார்கள்.

மணி பத்தாகப் பத்து நிமிஷம். மணப்பெண்ணின் கண் மை கரையத் தயாராக நின்றது. அப்பா இல்லாமல் அவள் தேவாலயத்துக்குள் தனியாக நடந்து போவதைப் பூட்டுக்காரர் ஒரு கணம் நினைத்துப் பார்த்தார். ஆமென் போட்ட வாயை மனதுக்குள் நாலு திட்டுத் திட்டிவிட்டு, கையை நீட்டினார்.

"அம்மாடி, உன் தலையில இருந்து ஒரு ஊசி குடு."

நடையில் நின்றவர்கள் கழுத்தை நீட்டினார்கள். கட்டடச் செயலாளர் பையிலிருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

பூட்டுக்காரர் மண்டி போட்டார். ஊசியை வளைத்தார், விட்டார், ஒரு நெம்பு நெம்பினார்.

'க்ளிக்.'

ஒரு கன்னம் மழித்தும் மறு கன்னம் சோப்பு நுரையுமாக, இடுப்பில் துண்டோடும் கையில் குமிழோடும் ரொட்டிக்கடைக்காரர் வெளியே வந்தார். மகளைப் பார்த்தார். மண்டி போட்டிருந்தவரைப் பார்த்தார். அவர் கையிலிருந்த ஊசியைப் பார்த்ததும் வாய் பிளந்தார்.

செயலாளர் தொண்டையைக் கனைத்தார். "ஆக, அன்னிக்கு கூட்டத்துல இவர் சொன்னது சரிதான்?"

பூட்டுக்காரர் ஊசியை மறைக்கவில்லை. "சரிதாங்க. ஊசிக்குத் திறக்கும். பலகையை இன்னிக்கே கழட்டிடறேன்."

"என்ன சரி?" நுரை தெறிக்க முன்னால் பாய்ந்தார் ரொட்டிக்கடைக்காரர். "மனுஷனை ஒண்ணும் சொல்லாதீங்கய்யா! அன்னிக்கு நான் புளுகினேன், நிஜமாவே திறக்கும்னு எனக்கே இப்பத்தான்யா தெரியும்!"