துணிக்கு அந்தப் பக்கம்

இப்படி நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. காற்றாடி உங்கள் பக்கமே சுற்றட்டும், எனக்கு வேண்டாம். மலேசியாவின் கோல சிலாங்கூரில் ஒரு பச்சைத் துண்டு நாலு சனிக்கிழமை ஒரு நாற்காலியில் காத்துக் கிடந்த கதையைச் சொல்லப்போகிறேன். கேட்டு முடித்ததும் யாருக்காவது போன் போடத் தோன்றினால், போட்டுவிடுங்கள்.

புனிதவதிக்கு ஐம்பத்து நாலு வயது. பள்ளிக்கூட கேண்டீனில் சமையல் வேலை. ஒரே தங்கை திலகா, தஞ்சோங் காராங்கில் இருக்கிறாள். காரில் அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தை இருவரும் பதினோரு வருடமாகக் கடக்கவில்லை.

அப்பாவுக்குப் பிடிக்காத ஒரு லோரி டிரைவரைத் திலகா கட்டிக்கொண்டு போனாள். "நான் செத்தாலும் அவளுக்குச் சொல்லாத" என்று அப்பா கோபத்தில் சொல்லிவைத்தார். அவர் போனபோது புனிதவதி அந்தச் சொல்லைக் காப்பாற்றினாள். அதுதான் அவள் செய்த பிழை. மூன்றாம் நாள் யாரோ சொல்லித் திலகா ஓடி வந்தாள். வீட்டில் அப்பாவின் படமும் எரிகிற விளக்கும்தான் இருந்தன. அப்படியே திரும்பிப் போனாள்.

இந்த வருடம் வெயில் மாதத்தில், ஆற்றோரக் கலை மையத்தில் சனிக்கிழமைதோறும் பழைய தமிழ்ப் படம் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். முற்றத்தில் இரண்டு கம்பம் நட்டு, வெள்ளைத் துணி கட்டி, பொழுது சாய்ந்ததும் படம். நோட்டீஸைப் பார்த்த புனிதவதி பஸ் நிறுத்தத்திலேயே நின்று போனில் பேசி அனுப்பினாள்.

"திலா, அக்கா பேசுறேன். தோட்டத்துல போட்ட மாதிரியே துணி கட்டிப் படம் போடுறாங்க. நாலு வாரம். ஒனக்கு எடம் புடிச்சு வைக்கிறேன்."

கேட்டதற்கு அடையாளமாக நீலக் குறி விழுந்தது. பதில் வரவில்லை.

அவர்கள் சிறு வயதில் இருந்த எஸ்டேட் தோட்டத்தில் படம் என்றால் அப்போது திருவிழா. கணக்கெழுதும் கிராணி வீட்டு நாற்காலியும் வேலை வாங்கும் மண்டோர் வீட்டு பெஞ்சும் முன்னால். மற்றவர்கள் மத்தியானமே சாக்கு விரித்து இடம் பிடிப்பார்கள். புனிதவதியின் அம்மா மாட்டுக் கொட்டகை வேலை முடித்து வருவதற்குள் முன்பக்கம் நிறைந்துவிடும். அதனால் அந்தக் குடும்பத்துக்கு எப்போதும் துணியின் பின்பக்கம்தான். அங்கேயும் படம் தெரியும், எல்லாம் இடம் வலம் மாறி. கதாநாயகன் இடக்கையால் சோறு பிசைவான், இடக்கையால் வில்லனை அடிப்பான். "ஒருநாள் ஒன்ன முன்னாடி ஒக்கார வைக்கிறேன், பாரு" என்று சின்னப் புனிதவதி தங்கையிடம் சொல்லுவாள்.

அதனால்தான் முதல் மூன்று வாரமும் ஐந்து மணிக்கே போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியில் பச்சைத் துண்டு.

"யாருக்கு ஆன்ட்டி?" என்று கேட்டாள் படம் போடும் பெண் ஷர்மினி.

"தங்கச்சிக்கு."

"போன வாரமும் இதையே சொன்னீங்க. தங்கச்சி ரொம்ப பிஸிலா!"

"ஆமாம்மா, மந்திரி அவ" என்று சிரித்து வைத்தாள் புனிதவதி. படம் ஓடும்போது கண் வாசலிலேயே இருந்தது. மோட்டார் சத்தம் கேட்டாலே கழுத்து திரும்பும். முடிந்ததும் துண்டை உதறி மடிப்பாள். யாரும் உட்காராத துண்டில் உதற என்ன இருக்கிறது? இருந்தும் உதறுவாள்.

நாலாவது சனிக்கிழமை, கடைசிப் படம். பாதியில் புரொஜெக்டர் நின்றது. "ஒரு நிமிஷம்!" என்று கத்திக்கொண்டே ஷர்மினி துணிக்குப் பின்பக்கம் ஓடி, சுவரோரம் இருந்த விளக்கைப் போட்டாள்.

வெள்ளைத் துணியில் ஒரு நிழல் விழுந்தது. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். தலையை இடது பக்கம் சாய்த்து, கன்னத்தில் கை. அம்மா உட்காருவது போலவே. பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டிருந்தாள்.

புனிதவதி துண்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.  கம்பத்தைப் பிடித்துச் சுற்றிப் போனாள். பாய் விரித்திருந்தது. ஒரு பாதியில் திலகா. மறு பாதியில் ஆள் இல்லை. தங்கைக்குக் காதோரம் நரைத்திருந்தது.

"இங்க என்னடி பண்ணுற?"

திலகா நிமிர்ந்து பார்த்தாள். "நாலு வாரமா நீதான் எங்க போன? எடம் புடிக்கிறேன்னு சொல்லிட்டு வரவே இல்ல. நானே பாய் கொண்டாந்து விரிச்சேன்."

"முன்னாடி... நாற்காலி போட்டு..."

"நம்ம என்னைக்கி முன்னாடி ஒக்காந்தோம்?"

பின்பக்கம் வயல் பார்த்த சின்னக் கதவு. அவள் புருஷன் லோரியை அங்கேதான் நிறுத்தி இறக்கிவிட்டு, படம் முடிவதற்குள் வந்து அழைத்துப் போவானாம்.

"பதில் ஒண்ணு போட்டிருக்கலாம்ல?"

"என்ன பேசுறதுன்னு தெரியலக்கா. அதான் வந்துட்டேன்."

"திலா, அப்பாவ நீ..." புனிதவதி பச்சைத் துண்டை முறுக்கினாள். "நான் சொல்லியிருக்கணும். சொல்லாம விட்டது என் தப்புதான்."

 திலகா பாயின் காலிப் பாதியைக் கையால் தட்டினாள். "அழுதுதான் தீக்கணும் அத. ஒரு நாளு போதாது. வீட்டுக்கு வா. இப்ப ஒக்காரு, படம் ஆரம்பிக்கப்போவுது."

விளக்கு அணைந்தது. துணியில் கதாநாயகன் இடக்கையால் சோறு பிசைந்தான். தங்கைக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அக்கா பச்சைத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அவ்வளவுதான், கண்ணுகளா. உங்கள் வீட்டிலும் யாருக்காகவாவது ஒரு பாதிப் பாய் காலியாகக் கிடந்தால் அது நிறையட்டும். உலையில் அரிசி ஒரு பிடி கூடுதலாக வேகட்டும். வாசலில் செருப்பு ஒரு ஜோடி கூடட்டும். எல்லாரும் நல்லா இருங்கள்.