சதுப்புக்கு முப்பது பங்கு

அந்த அலுவலகத்தில் அவளுக்குத் தராசு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. ஆறு கடலைத் தொடும் இடத்தில் கிடக்கும் சதுப்பு நிலத்துக்குப் பொறுப்பான அதிகாரி அவள்.

அணைத் தண்ணீரை ஆயிரம் பங்காக வைத்து, ஒவ்வொரு கோடைக்கு முன்பும் மின்சாரம், விவசாயம், குடிநீர், சதுப்பு என்று நான்கு துறைகளுக்குப் பிரிப்பார்கள். மற்ற மூன்று துறைகளும் வாய் கூசாமல் ஒன்றரை மடங்கு கேட்கும். பழைய இயக்குநர் சிவப்புப் பேனாவை எடுத்து எல்லோருக்கும் மூன்றில் ஒன்றை வெட்டுவார். கேட்டவர்களுக்கு வேண்டியது கிடைத்துவிடும், வெட்டியவருக்கு வெட்டிய திருப்தி. தராசு மட்டும் முப்பது என்று எழுதுவாள். சதுப்புக்கு வேண்டியது முப்பதுதான். பத்து வருஷமாக அந்த முப்பதும் சிந்தாமல் சிதறாமல் அவளுக்குக் கிடைத்து வந்தது.

"உண்மையை எழுதினா வேண்டியது கிடைக்கும்" என்று அவள் கேன்டீனில் சொல்லாத நாளில்லை. எதிரில் இருப்பவர்கள் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார்கள்.

இந்த வருஷம் இயக்குநரும் ஓய்வு பெற்றார், அவருடைய சிவப்புப் பேனாவும் ஓய்வு பெற்றது. புது இயக்குநர் செயற்கை நுண்ணறிவைக் கொண்டுவந்தார். தண்ணீர், மின்சாரம், விளைச்சல், உயிரினங்கள் நான்கையும் ஒன்றாக வைத்துப் பார்த்து அதுவே பங்கு பிரிக்கும் என்றார். ஊழியர்கள் அதற்குப் புது மாப்பிள்ளை என்று பெயர் வைத்தார்கள். எது சொன்னாலும் தலையாட்ட வேண்டும், எதிர்த்துப் பேசினால் கெட்ட பெயர் நமக்குத்தான்.

செவ்வாய்க்கிழமை காலை மாப்பிள்ளையின் முதல் பட்டியல் வந்தது. மின்சாரம் அறுநூறு கேட்டு நானூறு. விவசாயம் எழுநூற்று ஐம்பது கேட்டு ஐந்நூறு. குடிநீர் நூற்றைந்து கேட்டு எழுபது. சதுப்பு முப்பது கேட்டு இருபது. மிச்சம் பத்துப் பங்கு அணையிலேயே கையிருப்பாக நிற்குமாம். சதுப்பின் வரிசைக்குப் பக்கத்தில் மட்டும் மஞ்சள் நிறத்தில் ஒரு குறிப்பு: 'இந்தத் துறை தந்த எண்ணின் நம்பகத்தன்மை குறைவு.'

தராசுக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. அவள் எண்ணையா நம்ப முடியவில்லை? ஆனால் அதைவிடப் பெரிய பயம் அந்த இருபதுதான். ஆற்றுத் தண்ணீர் இருபதுக்கு இறங்கினால் நடுக்கோடையில் கடல் உள்ளே ஏறிவிடும். நாணல் கருகும், மீன் குஞ்சுகள் செத்து மிதக்கும். வடக்கே ஒரு சதுப்பு அப்படித்தான் ஒரே கோடையில் போனது. இன்று அங்கே வெள்ளை உப்புப் பரப்பும் பழைய படகுத்துறையின் நான்கு கம்பங்களும்தான் இருக்கின்றன. ஒரு முறை உப்பேறினால் அவள் ஆயுசுக்குள் அது திரும்பாது.

அவள் இயக்குநரிடம் ஓடினாள்.

"மேடம், உங்களுக்கு உங்க சதுப்பு ஒண்ணுதான் கண்ணுக்குத் தெரியும். அது நாலையும் பாக்குது. ஆட்சேபணை இருந்தா திருத்தப் படிவம் இருக்கு. இன்னிக்கு அஞ்சு மணி வரைக்கும் திறந்திருக்கும்" என்றார் அவர், கண்ணாடியைக் கழற்றாமல்.

வெளியே வந்தவளுக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. அந்தப் பத்துப் பங்கு அணையில் நின்றால் யாருக்கு லாபம்? மின் துறைக்கு; அணை மட்டம் உயர்ந்தால் மின்சாரம் கூடும். பழைய விவரங்களையெல்லாம் திரட்டி மாப்பிள்ளைக்கு ஊட்டியவர் யார்? நான்கு துறைக் குழுவின் செயலாளர். அவர் எந்தத் துறை? மின் துறை. அது மட்டுமா, அவர் அவளுடைய சொந்த அக்காவின் புருஷன்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தபோது, "சதுப்பு எப்படி இருக்கு? இந்த வருஷம் என்ன எழுதினே?" என்று அத்தான் கேட்டது இப்போது நினைவுக்கு வந்தது. பத்து வருஷத்தில் ஒரு நாளும் சதுப்பைப் பற்றி வாய் திறக்காத மனுஷன்! இரண்டு முறை ஃபோன் செய்தாள், எடுக்கவில்லை. அக்காவுக்குப் போட்டாள்.

"ஒரு வாரமா சரியாவே சாப்பிடறதில்லடி. கேட்டா ஒண்ணுமில்லங்கறார்" என்றாள் அக்கா.

எப்படிச் சாப்பாடு இறங்கும், என்று தராசு பல்லைக் கடித்தாள். சொந்தத்துக்குள்ளேயே குழி பறித்தால் யாருக்குத்தான் இறங்கும்!

நேரே கணினிப் பிரிவுக்குப் போனாள். அங்கே இருந்த பெண்ணிடம், மாப்பிள்ளைக்கு ஊட்டிய பத்து வருஷப் பட்டியலைக் காட்டச் சொன்னாள். அந்தப் பெண் தயங்கித் தயங்கி, நாலு மணிக்கு மேல்தான் திரையைத் திருப்பினாள். சதுப்பு: கேட்டது நாற்பத்தைந்து, கொடுத்தது முப்பது. அடுத்த வருஷமும் அதே. அதற்கடுத்த வருஷமும் அதே. பத்து வருஷமும் ஆணி அடித்தாற்போல் அதே இரண்டு எண்கள்.

நாற்பத்தைந்தா? அவள் வாழ்க்கையில் நாற்பத்தைந்து என்று எழுதியதே இல்லை.

அச்செடுத்த தாளோடு மூன்றாவது மாடி ஏறினாள். அத்தான் தன் அறையில் மத்தியானச் சாப்பாட்டு டப்பாவை இன்னும் திறக்காமல் அதன் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாளை அதன்மேல் வீசினாள்.

"யாரு அத்தான் என் எண்ணைத் திருத்தினது?"

"உக்காரும்மா."

"நான் உக்கார வரல. யாரு?"

"நான்தான்" என்றார் அத்தான். அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"நீ வேலைக்கு வந்த முதல் வருஷம் படிவத்துல முப்பதுன்னு எழுதியிருந்தே. பழைய இயக்குநர் எதையும் படிக்க மாட்டார், எல்லாத்தையும் மூணுல ஒண்ணு வெட்டுவார். உனக்கு இருபதுதான் வந்திருக்கும். படிவம் எல்லாம் என் கைக்குத்தான் முதல்ல வரும். மூணை நாலாக்கினேன், சைபரை அஞ்சாக்கினேன். அவர் வெட்டினதும் சரியா முப்பது வந்துச்சு."

"பத்து வருஷமாவா?"

"பத்து வருஷமா. இந்தத் தடவை அவங்கவங்களே கம்ப்யூட்டர்ல நேரா போடணும்னுட்டாங்க. என் கைக்கு எதுவும் வரல. பழைய பட்டியலைப் படிச்ச இயந்திரம் என்ன நினைக்கும்? சதுப்புக்காரங்க எப்பவும் நாப்பத்தஞ்சு கேட்டு முப்பது வாங்குவாங்க, இந்த வருஷம் திடீர்னு முப்பதுங்கறாங்க, இந்த எண்ணை நம்ப முடியாதுன்னு நினைக்கும். பழைய வழக்கப்படி மூணுல ஒண்ணும் வெட்டும்."

"ஞாயித்துக்கிழமையே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லத்தான் வாயெடுத்தேன். நீ உண்மையை எழுதினா வேண்டியது கிடைக்கும்னு ஆரம்பிச்சுட்டே. அதுக்கு மேல எனக்கு எங்க வாய் வரும்?"

தராசு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"இது வேற யாருக்கெல்லாம் தெரியும்?"

அத்தான் சன்னலைப் பார்த்தார். "உன்னைத் தவிர எல்லாருக்கும்."

கேன்டீனில் எல்லோரும் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டதற்குக் காரணம் இப்போதுதான் விளங்கியது. அவமானத்தில் அவள் காது இரண்டும் சுட்டன. இவரைத் திட்டுவதா, கையெடுத்துக் கும்பிடுவதா என்றே தெரியவில்லை.

"நான் இயக்குநர்கிட்ட எல்லாத்தையும் சொல்லப்போறேன். நாலு துறையும் உள்ளதை உள்ளபடி எழுதட்டும்."

"சொல்லு. ஆனா யாரு முதல்ல எழுதுவாங்க? விவசாயத்தைக் கேட்டா மின் துறை எழுதட்டும்பாங்க. குடிநீரைக் கேட்டா விவசாயம் எழுதட்டும்பாங்க. நான் எழுதுவேனான்னு கேளு. மாட்டேன். நான் குறைச்சு, அவங்க குறைக்கலைன்னா ஊரே இருட்டுல கிடக்கும்." சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். "அடுத்த கோடைக்கு முன்னாடி உக்காந்து பேசலாம். சதுப்புக்கு இன்னும் இருபது நிமிஷம்தான் இருக்கு."

அவர் கணினியிலேயே தன் கடவுச்சொல்லைப் போட்டுத் திருத்தப் படிவத்தைத் திறந்தாள். நான்கு என்று அடித்தாள். அழித்தாள். மறுபடியும் அடித்தாள். வெள்ளை உப்புப் பரப்பு கண்ணுக்குள் வந்து நின்றது. ஐந்தையும் அடித்தாள்.

"காரணம் எழுதச் சொல்லுது, அத்தான்."

"எதையாவது எழுது. அந்தக் கட்டத்தைப் படிக்கிற வேலையை அதுக்கு யாரும் குடுக்கல. அது எண்ணைத்தான் பாக்கும்."

தராசு எழுதினாள்: 'சதுப்புக்கு வேண்டியது முப்பது பங்குதான். நாற்பத்தைந்து என்பது பொய்.' எழுத்துப் பிழை இருக்கிறதா என்று ஒரு தரம் படித்துப் பார்த்துவிட்டு அனுப்பினாள்.

மாப்பிள்ளை அதிகம் யோசிக்கவில்லை. திரையில் பச்சை நிறம் வந்தது. 'சதுப்பு: முப்பது பங்கு. எண்ணின் நம்பகத்தன்மை மிக அதிகம்.'

அத்தான் மூச்சை விட்டு டப்பாவைத் திறந்தார். சதுப்பு பிழைத்ததில் அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது, எழுதிய கையைப் பார்க்க மட்டும் கூசியது.

அச்செடுத்த தாளில் கையெழுத்து வாங்க இயக்குநர் அறைக்குப் போனாள். அவர் எண்ணையும் பச்சை நிறத்தையும் பார்த்தார். அதற்குக் கீழே இருந்த காரணத்தின்மேல் பேனா வைத்துப் பெரிதாகக் கையெழுத்துப் போட்டார்.

"பாத்தீங்களா மேடம்? காலையில எவ்வளவு கோவப்பட்டீங்க! உண்மையை எழுதினா வேண்டியது கிடைக்கும்."

தராசு மேஜையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினாள்.